வளாகத்துக்குள் கரண்ட் எங்கே போகிறது? சேலம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு ஸ்மார்ட் மீட்டர் வழிகாட்டி

ஈபி பில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எந்தக் கட்டடம், எந்த மணி, எந்த மோட்டார் என்று தெரிய வேண்டுமானால் வளாகத்துக்குள் நம் சொந்த மீட்டர்கள் வேண்டும். கருப்பூர், ஓமலூர் பக்கம் உள்ள பெரிய வளாகங்களுக்கும் ஏற்காட்டில் விடுதியோடு இயங்கும் சிறிய வளாகங்களுக்கும் பொருந்தும்படி இதை எழுதியிருக்கிறோம். வாசிப்பவர் வளாகத்தின் மின் பொறியாளர், எலக்ட்ரீஷியன், அல்லது இந்த வேலை தலையில் விழுந்த பேராசிரியர் என்று வைத்துக்கொள்கிறோம்.

முதலில் பில்

மீட்டர் விலை விசாரிக்கும் முன் கடந்த 12 மாத உயரழுத்த பில்களை எடுத்துப் பரப்புங்கள். நான்கு எண்கள் போதும்: ஒப்பந்த டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச அளவு, கேவிஏ-யில்), பதிவான டிமாண்ட் (அந்த மாதம் உண்மையில் தொட்ட உச்சம்), யூனிட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கேவிஏ-யில் எவ்வளவு பங்கு வேலை செய்யும் கிலோவாட் ஆகிறது என்பது).

தமிழ்நாட்டில் டிமாண்ட் கட்டணம், பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு விழும். ஒப்பந்தம் 500 கேவிஏ என்றால் 450-க்குக் கீழே பில் இறங்காது. மாதாமாதம் 380 பதிவாகிற வளாகம் படாத பாடு பட்டு அதை 350 ஆக்கினாலும் டிமாண்ட் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. அங்கே செய்ய வேண்டியது ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க விண்ணப்பிப்பது. அதற்கு மீட்டரே தேவையில்லை, 12 பில் போதும். மாறாக, மார்ச், ஏப்ரலில் 500-ஐத் தாண்டுகிற வளாகத்துக்குத் தாண்டிய பகுதிக்கு இரட்டைக் கட்டணம். அங்கேதான் டிமாண்டைக் கண்காணிக்கும் மீட்டர் உடனே காசு தரும். பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போயிருந்தால் பில்லில் அதற்குத் தனி அபராதத் தொகை இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தின் சீல் வைத்த மீட்டரை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். டேட்டா எடுக்கத்தான் என்று மூடியைத் திறந்தாலும் மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவு, அதாவது மின்திருட்டுப் பிரிவு, தலைக்குமேல் தொங்கும். அந்த மீட்டரின் பல்ஸ் அவுட்புட் (யூனிட் ஓடுவதைத் துடிப்பாக வெளியே தரும் முனை) வேண்டுமானால் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கிடைக்கும் வரை எல்டி (தாழ்வழுத்த) பக்கத்து மெயின் இன்கமரில், அதாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் வந்து சேரும் முதல் பிரேக்கரில், நமது மீட்டர் ஒன்று போட்டுக்கொண்டால் வேலை ஓடும். டிரான்ஸ்பார்மர் நஷ்டம் அதில் வராது என்பதால் பில்லைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்.

எத்தனை மீட்டர்

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒவ்வொரு கட்டடத்து டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) வரை சிங்கிள் லைன் டயகிராம் வரையுங்கள். பழைய வளாகங்களில் கையில் இருக்கும் படத்துக்கும் பேனலில் இருக்கும் கேபிளுக்கும் சம்பந்தமே இருக்காது. நூலகம் என்று எழுதிய பிரேக்கரில் கேன்டீனும் சேர்ந்து ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி எது அணைகிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள். சர்வர் அறைக்கும் குளிர்பதனப் பெட்டி வைத்த ஆய்வகங்களுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

500 கேவிஏ அளவு வளாகத்துக்கு 10 முதல் 15 மீட்டர் போதும். மெயின் இன்கமர், ஜெனரேட்டர், சோலார் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று கட்டாயம். பிறகு மொத்த லோடில் 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ஃபீடருக்கும் (பேனலிலிருந்து ஒரு கட்டடத்துக்கோ மோட்டாருக்கோ போகும் தனி லைன்) ஒன்று. சிறிதாக இருந்தாலும் தனி மீட்டர் போட வேண்டியவை மூன்று: போர்வெல் மோட்டார்கள், சர்வர் அறை, தெருவிளக்கு. இவை இரவும் பகலும் ஓடுபவை, அல்லது ஓடக்கூடாத நேரத்தில் ஓடுபவை. முதல் நாளே மாடிக்கு ஒன்று என்று 60 மீட்டர் போடச் சொல்லும் டெண்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பார்க்க ஆளில்லாத மீட்டர் பேனலில் மின்னும் வெறும் விளக்கு.

சிடி தேர்வு

இங்கேதான் அதிகம் தவறுகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாக. சிடி (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) என்பது கேபிளைச் சுற்றி மாட்டும் வளையம்; பெரிய கரண்டை மீட்டர் தாங்கும் சிறிய கரண்டாக்கித் தரும். 400/5 என்றால் 400 ஆம்பியருக்கு 5.

பிரேக்கர் 400 ஆம்பியர் என்பதால் 400/5 சிடி வாங்குவது வழக்கம். அந்த ஃபீடர் பகலில் 120 ஆம்பியரும் இரவில் 8 ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 என்பது 400-இல் 2 சதவீதம். சாதாரண 0.5 கிளாஸ் சிடிக்குத் துல்லிய வரம்பு 5 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது நாம் பிடிக்க நினைக்கும் இரவு லோடையே சிடி சரியாகப் பார்ப்பதில்லை. வழி இரண்டு. கிளாம்ப் மீட்டர் வைத்து ஒரு வாரம் உச்ச ஆம்பியரை அளந்து, அதற்கு மேலே அடுத்த அளவாக 150/5 அல்லது 200/5 வாங்குங்கள். கூடவே 0.5எஸ் கிளாஸ் கேளுங்கள். அது 1 சதவீத கரண்டிலிருந்தே வரம்புக்குள் நிற்கும்.

அடுத்தது தூரம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 7.4 மில்லிஓம். மீட்டர் கருவி சிடியிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர், 0.148 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது வயர் மட்டுமே 3.7 விஏ தின்றுவிடும். சிடி தாங்கும் சுமையே 5 விஏ என்றால் மீதி கொஞ்சம்தான். மீட்டரைப் பேனல் கதவிலேயே வையுங்கள். முடியாவிட்டால் 1 ஆம்பியர் செகண்டரி (மீட்டர் பக்கத்துச் சுற்று) உள்ள சிடி வாங்குங்கள். அதே வயரில் 0.15 விஏதான் போகும்.

பேனலை நிறுத்தவே முடியாத இடத்தில் பிளவு கோர் சிடி போடலாம். இரண்டு பாதியும் சேரும் முகத்தில் தூசி படிந்தால் பிழை ஏறும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களை ஒட்டிய வளாகங்களில் இது கவனிக்க வேண்டிய விஷயம். துடைத்துவிட்டு மூடி, கிளிப் முழுதாக விழுந்ததா என்று பாருங்கள்.

ஒரு ஃபீடருக்கான பொருள்: ஆர்எஸ்-485 போர்ட் (டேட்டாவை வெளியே எடுக்கும் இணைப்பு) உள்ள மூன்று பேஸ் மல்டிஃபங்ஷன் மீட்டர் (96 × 96 மில்லிமீட்டர், 0.5எஸ் கிளாஸ்) 1, சிடி 3, ஷார்ட்டிங் லிங்க் (சிடியின் இரு முனைகளையும் ஒன்றுசேர்க்கும் இணைப்பு) உள்ள டெஸ்ட் டெர்மினல் பிளாக் 1, 2 ஆம்பியர் ஃபியூஸ் 3, சிடிக்கு 2.5, வோல்டேஜுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எண் போட்ட ஃபெரூல்கள் (வயர் முனையில் மாட்டும் அடையாள வளையங்கள்). ஃபெரூலில் மிச்சம் பிடிக்காதீர்கள். மின்வாரியம் நுகர்வோருக்கு மாட்டும் ஸ்மார்ட் மீட்டருக்கு ஐஎஸ் 16444 தரம்; உள் ஃபீடருக்கு அது தேவையில்லை. மேலே சொன்ன பேனல் மீட்டரே போதும், விலையும் குறைவு.

மாட்டுவது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த நாளைப் பிடித்துக்கொண்டால் தனி ஷட்டவுன் கேட்க வேண்டியதில்லை. வேலை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரருடையது. வளாக எலக்ட்ரீஷியன் கூட நிற்க வேண்டும்.

1. ஜெனரேட்டரின் ஏஎம்எஃப் பேனலை ஆஃபில் வைத்துப் பூட்டுங்கள். ஈபி போனதும் தானாக எழுந்து பஸ்பாரை உயிரூட்டும் ஜெனரேட்டர்தான் இந்த வேலையில் ஆளைக் கொல்வது. சோலார் இன்வெர்ட்டர் பிரேக்கரையும் இறக்குங்கள்.
2. பஸ்பாரில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, எர்த் செய்து, பிறகு கை வையுங்கள்.
3. சிடியின் பி1 முகம் சப்ளை வரும் பக்கம். மூன்றும் ஒரே திசை. மாட்டும்போதே படம் எடுத்து வையுங்கள். பிறகு பார்க்க முடியாது.
4. எஸ்2 முனைகளை ஒரே இடத்தில் எர்த் செய்யுங்கள்.
5. வோல்டேஜை ஃபியூஸ் வழியாகப் பிரேக்கருக்கு முன்பக்கம் எடுங்கள். பிரேக்கர் டிரிப் ஆனாலும் மீட்டர் உயிரோடு இருந்து, டிரிப் ஆன நேரத்தைச் சொல்லும்.
6. சப்ளை கொடுக்கும் முன் டெஸ்ட் பிளாக்கில் சிடி வழி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். லோடு ஓடும்போது சிடி செகண்டரி திறந்து கிடந்தால் ஆபத்தான வோல்டேஜ் எழும்பும், சிடியும் கருகும். பின்னாளில் மீட்டரைக் கழற்றும்போதும் முதலில் ஷார்ட்டிங் லிங்க், பிறகுதான் திருப்புளி.

எண் சரியா?

மீட்டர் எரிகிறது, எண் ஓடுகிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பேஸ் மைனஸில் இருந்தால் அந்த சிடி திரும்பி மாட்டியிருக்கிறது; மூன்று பேஸும் சமமாக இருக்கும்போது மொத்தம் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். இரண்டு சிடிகளின் பேஸ் மாறியிருந்தால் இன்னும் விசித்திரம்: சமமான ஹீட்டர் லோடில் ஒரு பேஸ் முழுதாகவும் மற்ற இரண்டும் மைனஸ் பாதியாகவும் காட்ட, மொத்தம் ஏறத்தாழ பூஜ்ஜியம். கிளாம்ப் மீட்டரில் கரண்ட் மூன்றிலும் சரியாக இருக்கும் என்பதால் கரண்டை மட்டும் ஒப்பிடுபவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சிடி விகிதத்தை மீட்டர் செட்டிங்கில் தவறாகப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. 200/5-ஐ 200/1 என்று போட்டால் எல்லாம் ஐந்து மடங்கு. இதைக் கிளாம்ப் மீட்டர் உடனே காட்டிக்கொடுக்கும். கடைசியில், ஒரு முழு நாளுக்கு எல்லாக் கிளை மீட்டர்களின் யூனிட்டையும் கூட்டி மெயினோடு ஒப்பிடுங்கள். எல்லா ஃபீடருக்கும் மீட்டர் இருந்தால் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ மீட்டர் இல்லாத கேபிள் இருக்கிறது, அல்லது மேலே சொன்னவற்றில் ஒன்று.

டேட்டா வந்து சேர

ஆர்எஸ்-485 கேபிளை ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக ஓட்டுங்கள். நட்சத்திரம்போல் நாலு பக்கம் கிளை பிரித்தால் சில மீட்டர் வரும், சில வராது, நாளுக்கு நாள் மாறும். இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த், ஒரு லைனில் 32 மீட்டருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி. எல்லாவற்றிலும் ஒரே பாட் ரேட், ஒரே பாரிட்டி; 9600 போதும். வோல்டேஜ் 230 வர வேண்டிய இடத்தில் கோடிக்கணக்கில் எண் வந்தால் பயப்பட வேண்டாம்: மோட்பஸ் (மீட்டர்கள் டேட்டா பேசும் மொழி) ரெஜிஸ்டரின் இரு பாதிகளும் இடம் மாறியிருக்கின்றன, கேட்வேயில் (மீட்டர்களின் டேட்டாவைத் திரட்டி நெட்டுக்கு அனுப்பும் பெட்டி) வேர்ட் ஆர்டரை மாற்றினால் சரியாகும்.

சேமிக்கும்போது கிலோவாட்டை மட்டும் எழுதி அதிலிருந்து யூனிட் கணக்குப் போடாதீர்கள். மீட்டரின் கூட்டு யூனிட் ரீடிங்கையே 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். நெட்வொர்க் ஐந்து மணி நேரம் போனாலும் மொத்தம் தவறாது. கேட்வே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சிம் ரீசார்ஜ் தேதியை யாராவது ஒருவர் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். நின்றுபோன டேஷ்போர்டுகளில் இது சிரிப்பதற்கில்லாத அளவுக்குச் சாதாரணமான காரணம்.

முதல் இரண்டு வாரம்: இரவு 1 முதல் 4 வரை

எதையும் மாற்றாமல் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டிய எண், விடுதி தவிர்த்த கட்டடங்களின் நள்ளிரவு லோடு. யாருமில்லாத நிர்வாகக் கட்டடம் இரவில் 6 கிலோவாட் எடுத்தால், அந்த 6 பகலிலும் ஞாயிறிலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 6 × 8760, அதாவது 52,560 யூனிட். உங்கள் பில்லின் யூனிட் விலையால் பெருக்கி ஒரு தாளில் எழுதிப் பதிவாளர் மேசையில் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் பேச்சு மாறும்.

காரணங்கள் பெரும்பாலும் சின்னவை: மாடிக்கு மாடி வாட்டர் கூலர், அணைக்காத கணினி ஆய்வகம், லோடே இல்லாமல் சூடாகிக்கொண்டிருக்கும் பெரிய யூபிஎஸ், கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன், 18 டிகிரியில் வைத்த சர்வர் அறை ஏசி. சர்வர் அறையை 24-க்கு உயர்த்தலாம். ஐடி ஆட்கள் முதலில் மறுப்பார்கள், ஒரு வெப்பமானியை ரேக்கின் முன்பக்கம் தொங்கவிட்டுக் காட்டுங்கள். தெருவிளக்கு மீட்டரில் காலை 7 மணிக்கும் லோடு இருந்தால் டைமரைப் பாருங்கள். பேட்டரி செத்த டைமர் ஒவ்வொரு மின்தடைக்கும் அத்தனை நேரம் பின்தங்கும். விளக்கு தாமதமாக எரிந்து தாமதமாக அணையும்.

போர்வெல் மோட்டார் மீட்டர் தண்ணீர்க் கதையையும் சொல்லும். 7.5 எச்பி மோட்டார் வழக்கமாக 6.5 கிலோவாட் எடுத்து, ஒருநாள் 4-க்கு விழுந்தால் தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றிழுக்கிறது என்று அர்த்தம். மோட்டார் கருகும் முன் நிறுத்துங்கள். கிலோவாட் மாறாமல் ஓடும் நேரம் மட்டும் 3 மணியிலிருந்து 5 மணியானால் குழாயோ வால்வோ கசிகிறது.

ஒப்பிடும்போது திங்களைத் திங்களோடு, பரீட்சை வாரத்தைப் பரீட்சை வாரத்தோடு. ஆடிப் பண்டிகை உள்ளூர் விடுமுறை புதன்கிழமையில் விழுந்தால் அந்தப் புதனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ சாதித்துவிட்டதுபோல் வரைபடம் காட்டும்.

டிமாண்டைப் பிடிப்பது

டிமாண்ட் என்பது ஒரு நொடி உச்சமில்லை, மீட்டரில் வைத்த காலத்தின் சராசரி. உங்கள் மின்வாரிய மீட்டரில் அது 30 நிமிடமா 15-ஆ என்று திரையில் பார்த்து, நமது மெயின் மீட்டரிலும் அதையே வையுங்கள். 30 நிமிடம், வரம்பு 500 என்றால்: முதல் 10 நிமிடம் 540 கேவிஏ ஓடிவிட்டாலும் மீதி 20 நிமிடம் 480-இல் நிறுத்தினால் சராசரி 500-க்குள் நிற்கும். அதாவது அலாரம் அடித்ததும் கைவசம் 20 நிமிடம் இருக்கிறது. அதில் எதை நிறுத்துவது என்ற வரிசையை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்: முதலில் தண்ணீர் மோட்டார்கள் (மேல்தொட்டி நிறைந்திருக்க வேண்டும், ஆகவே காலை 9-க்குள் ஏற்றிவிடுங்கள்), பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் புளோயர்களில் ஒன்று, பிறகு கலையரங்க ஏசி 2 டிகிரி மேலே. வகுப்பறை ஃபேன் பட்டியலில் வரவே கூடாது. சேலத்து ஏப்ரலில் அதைச் செய்தால் அடுத்த நாள் திட்டமே நின்றுவிடும்.

பலர் கவனிக்காத உச்சம் மின்தடைக்குப் பிறகு வருவது. கரண்ட் வந்ததும் சூடேறிய கட்டடங்களில் எல்லா ஏசியும் ஒரே நேரம் எழும். கட்டடத்துக்குக் கட்டடம் 5 நிமிட இடைவெளியில் டைம் டிலே ரிலே போட்டால் போதும்.

பவர் ஃபேக்டரும் டிமாண்டும் ஒன்றோடொன்று கட்டியவை. 400 கிலோவாட் லோடு 0.88-இல் 455 கேவிஏ, 0.98-இல் 408. பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெபாசிட்டர் பேனலில் உப்பிய, ஃபியூஸ் போன கெபாசிட்டர்களை மாற்றுவதுதான் மலிவான முதல் வேலை. யூபிஎஸ்ஸும் எல்இடியும் நிறைந்த வளாகத்தில் அவை மறுபடி மறுபடி உப்பினால் ஹார்மோனிக்ஸ் (கரண்ட் அலையின் சிதைவு) காரணம்; 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர் சேர்க்க வேண்டும்.

சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் ஏன் விழுந்தது என்ற குழப்பம் பல இடங்களில் உண்டு. 300 கிலோவாட், 145 கேவார் (வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பங்கு) லோடு என்றால் 0.90. சோலார் 200 கிலோவாட் கொடுத்தால் ஈபியிலிருந்து வருவது 100 கிலோவாட், ஆனால் 145 கேவார் அப்படியே. பவர் ஃபேக்டர் 0.57. கெபாசிட்டர் பேனலுக்கான சிடியை சோலார் சேரும் இடத்துக்கு ஈபி பக்கமாக, மெயின் இன்கமரில் மாற்றுங்கள், அல்லது இன்வெர்ட்டரையே கேவார் கொடுக்கச் செட் செய்யுங்கள்.

ஏற்காட்டில் மாறுவது

மலைமேல் ஏசி கதை இல்லை, கெய்சர்தான் எல்லாம். 40 அறை, அறைக்கு 2 கிலோவாட் என்றால் மார்கழிக் காலை 6 மணிக்கு 80 கிலோவாட் ஒரே மூச்சில். பகுதி பகுதியாக அரை மணி இடைவெளியில் டைமர் வையுங்கள். லைன் கோடியில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் 2 கிலோவாட் கெய்சர் 1.5-தான் தரும்; யூனிட் மிச்சமாகாது, சூடாக நேரம்தான் கூடும், வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையும். மோட்டார்களோ அந்த வோல்டேஜில் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகும். 207 வோல்ட்டுக்குக் கீழே அலாரம் வைத்து, நேரத்தோடு பதிவை எடுத்துப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். வாய்ப் புகாரைவிட அது நிற்கும்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிளில் ஆர்எஸ்-485 இழுக்காதீர்கள். மலையில் ஒரு இடி போதும், சங்கிலியில் உள்ள எல்லா மீட்டரின் போர்ட்டும் போய்விடும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர், அல்லது 865–867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் லோரா (தொலைதூர வயர்லெஸ்). கேட்வே ஆண்டெனா மேல்தொட்டியின் உச்சியில் இருக்கட்டும். சில்வர் ஓக் மரங்கள் மழையில் நனைந்திருக்கும்போது சிக்னல் இறங்கும் என்பதால் சோதனையை மழை நாளில் செய்யுங்கள். பேனலுக்கு எஸ்பிடி (திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தடுக்கும் கருவி) கட்டாயம். பனிமூட்டக் காலத்தில் மீட்டர் பெட்டிக்குள் ஈரம் கோக்கும். கேபிள் கிளாண்டைக் கீழ்ப்பக்கம் வைத்து, மேல் துளைகளை அடையுங்கள்.

யார் பார்ப்பது

ஒருவர் பெயர் வேண்டும், குழு வேண்டாம். காலை 9 மணிக்கு அவர் கைபேசிக்கு மூன்று வரி வந்தால் போதும்: நேற்றைய யூனிட், நள்ளிரவு லோடு, உச்ச கேவிஏ எத்தனை மணிக்கு. வழக்கத்தைவிட 15 சதவீதம் மாறினால் மட்டும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வரம்பை அதைவிட இறுக்கினால் தினம் அலாரம் அடித்து, இரண்டாவது மாதம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விடுதி எண்களை மாணவர்களுக்குக் கட்டட அளவில் காட்டுங்கள், அறை அளவில் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி வேட்டையாக அது முடியும்.

ஆண்டுக்கொருமுறை ஷட்டவுன் நாளில் லக்குகளை (கேபிள் முனை இணைப்புகளை) இறுக்கி, கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு பேஸையும் மறுபடி ஒப்பிடுங்கள். ஜெனரேட்டர் மீட்டரின் யூனிட்டை டீசல் பதிவேட்டோடு பொருத்துங்கள். லிட்டருக்கு 3 யூனிட்டுக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் மிகக் குறைந்த லோடில் ஓடுகிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. மீட்டர் மாற்றினால் பழையதன் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங், சிடி விகிதம், தேதி, நேரம் ஐந்தையும் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளிலும் மென்பொருளிலும் ஒரே நாளில் எழுதுங்கள்.